கிண்டியில் பிறந்த வரைபடம்

நெமிலிச்சேரியில் புறநகர் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் நிலையத்தில் வண்டி மாறினால் கிண்டி. அங்கே சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் உருவான ஒரு வரைபடம், உலகில் எங்கே எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும் அது சரிதானா என்று பார்க்க இன்றும் பயன்படுகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்ற ஆசையால்தான் இம்மலரில் எக்ஸ்-கதிர் படிகவியலைப் பற்றி எழுதுகிறேன்.

படிகத்தின் மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால், உள்ளே ஒழுங்காக அடுக்கியிருக்கும் அணுக்கள் அதைக் குறிப்பிட்ட சில திசைகளில் மட்டும் வலுவாகச் சிதறடிக்கும். பிலிமில் புள்ளிகள் விழும். அவற்றின் இடத்தையும் கருமையையும் அளந்து, அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்கிடலாம். 1912இல் ஜெர்மனியில் லாவே திறந்த வழி இது. மறு ஆண்டே பிராக் தந்தையும் மகனும் சமையல் உப்புக்குள் சோடியமும் குளோரினும் மாறி மாறி நிற்பதைக் காட்டினார்கள். 1915இல் நோபல் பரிசு பெற்றபோது மகனுக்கு வயது 25.

சென்னைக்கு இந்தத் துறையைக் கொண்டுவந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அழைத்து, 1952இல் பொறுப்பேற்றபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அவர் எடுத்துக்கொண்ட பொருள் கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் வலுவூட்டும் புரதம். பக்கத்திலேயே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது பெரிய வசதி. கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்-கதிரில் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் நேச்சர் இதழில் அதன் அமைப்பை வெளியிட்டார். மூன்று சங்கிலிகள் ஜடைபோல் முறுக்கிக் கிடக்கின்றன. நடுவில் இடம் மிகக் குறைவு. மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் மட்டுமே அங்கே அடங்கும். கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசினாக இருப்பதன் காரணம் இதுதான். மரபணுப் பிழையால் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தால், தொட்டாலே எலும்பு முறியும் நோய் வரக்கூடும். ஓர் அணுவின் இடம் மனிதனின் எலும்புவரை பேசுகிறது என்பதைவிடப் படிகவியலின் பயனுக்குச் சான்று வேண்டுமா?

இங்கிலாந்தில் ஆய்வாளர்கள் கிரிக்கும் ரிச்சும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்: சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்றார்கள். அப்படியானால் இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமச்சந்திரன், அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளை எல்லாம் தேடி அளவெடுக்க வைத்தார். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் அணுக்கள் மோதும் என்று அவருடைய குழுவின் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் கணக்கிட்டார்கள். 1963இல் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. அதில் வந்த படமே ராமச்சந்திரன் வரைபடம். எதிர்ப்பை மறுத்துப் பேசுவதோடு நில்லாமல் அதையே கேள்வியாக்கிய இந்தப் பண்பைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

இந்தத் துறையின் படங்கள் அழகாலும் மக்களைக் கவர்ந்தவை. 1951இல் லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவில், படிகவியலாளர் ஹெலன் மெகாவின் யோசனையால், இன்சுலின், ஹீமோகுளோபின் போன்றவற்றின் படிக வடிவங்களைத் துணியிலும் சுவர்த்தாளிலும் அச்சிட்டார்கள். காஞ்சிப் பட்டில் முச்சுருள் கொலாஜனைப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆசை.

2020இல் கொரோனா கிருமியின் முக்கிய நொதி ஒன்றின் அமைப்பை எக்ஸ்-கதிரால் சில வாரங்களிலேயே கண்டு, எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். அந்த நொதியை முடக்கும் மாத்திரையும் பின்னர் வந்தது. அந்த அமைப்பு இருக்கும் உலகப் புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. கட்டணம் கிடையாது. பட்டாபிராம் கல்லூரியில் படிக்கும் பிள்ளை கைபேசியிலேயே ஒன்றைத் திறந்து சுழற்றிப் பார்க்கலாம். அதனுடன் வரும் தர அறிக்கையில் ராமச்சந்திரன் பெயரையும் காணலாம்.