பட்டமும் பெயரும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் கிறிஸ்தவரின் ஞானஸ்நானப் பெயர்கள்

தமிழ்ப் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவத்தின் தொடக்க காலத்தை ஆராய வருகிறவர்களுக்கு டென்னிஸ் ஹட்சன் 2000-இல் வெளியிட்ட ஆங்கில நூல் இன்றும் முதற்படி. 1706-இல் தரங்கம்பாடியில் தொடங்கி 1835-இல் முடிகிற நூல் அது. மலாயாவைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆனாலும் அதன் முடிவைக் கடல் கடந்த தமிழ்க் கிறிஸ்தவருக்கும் நீட்டிப் பேசுகிற வழக்கம் நம்மிடையே நிலைத்துவிட்டது. சபைக்குள் வந்த தமிழர் புதிய விசுவாசத்தை ஏற்றனர், பழைய சமூக அடையாளத்தைக் கழற்றவில்லை, முன்னதைப் பின்னதன்மேல் போர்த்திக்கொண்டனர் என்பதே அந்த வாசிப்பின் சாரம். தஞ்சாவூருக்கு இது பொருந்தும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் பொருந்தாது என்பது என் வாதம். என் சான்று ஞானஸ்நானப் பெயர்.

ஹட்சனின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துவைப்பதே நியாயம். அவருடைய மைய மாந்தர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சபைக்கு ஆயுள் முழுதும் பாட்டெழுதியவர். 1820-களில் புதிதாக வந்த மிஷனரிகள் எல்லாச் சாதியாரும் ஒன்றாக அமர்ந்து ஒரே கிண்ணத்தில் இராப்போஜனம் பெற வேண்டும் என்றபோது அவர் எழுந்து எதிர்த்தார். சாதிக் கலப்பைத் திணிப்பது, வழக்கிலிருந்த வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுவது, பூ அணிவதைத் தடுப்பது, தமிழ்ப் பாட்டைக் கோவிலிலிருந்து அகற்றுவது ஆகிய நான்கையும் கொடுமைகள் என்று எண்ணிக் காட்டினார். சாதி உலக மரியாதை சார்ந்தது, இரட்சிப்பைச் சார்ந்ததன்று என்பது அவர் நிலை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். இருக்கை, பந்தி, கிண்ணம், பெண்கொடை ஆகியவற்றைச் சாட்சிகளாக நிறுத்தி ஹட்சன் இதையெல்லாம் விளக்குகிறார். மிஷனரிகளின் கண் வழியே மட்டும் பார்க்காமல் தமிழரின் சொந்த எழுத்தைப் படித்து எழுதியது அவருடைய பெரிய கொடை. அதை நான் மறுக்கவில்லை.

நான் கேட்பது வேறு: அந்த எழுத்து யாருடையது? வேதநாயகர் வேளாளர். முதல் தமிழ்க் குருவாக 1733 டிசம்பர் 28-இல் தரங்கம்பாடியில் பட்டம் பெற்ற ஆரோனும் கடலூர் வேளாளரே. அதே காலத்தில் தஞ்சை நாட்டில் அயராது உழைத்த உபதேசியார் ராஜநாயக்கன் பறையர் குலத்தவர். அவருக்குக் குருப்பட்டம் கடைசிவரை கிட்டவில்லை. அவர் கையால் இராப்போஜனம் வாங்க வேளாளர் இசையமாட்டார்கள் என்பதே காரணம். ஹட்சனும் இதைச் சொல்கிறார். ஆனால் ‘தமிழ்ச் சுவிசேஷக் கிறிஸ்தவர் தம்மை எப்படி உணர்ந்தனர்’ என்ற கேள்விக்கு விடை தருகையில், இழப்பதற்குச் சாதிப் பட்டம் உடையவர்களின் குரலே மேலோங்கி நிற்கிறது. ஞானஸ்நானத்தில் எதையும் கழற்ற வேண்டியிராதவர்கள், கழற்ற ஒன்றுமே இல்லாதவர்கள், அங்கே எதைப் பெற்றுக்கொண்டார்கள் என்பது கேட்கப்படாமல் போகிறது.

இதைத் தெளிவாக்க ஒரு பெயரின் மூன்று வடிவங்களைப் பார்க்க வேண்டும். 1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்டன் பிள்ளை. திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனைப் பணியாளர். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் வழியே விசுவாசத்தை அறிந்தார். 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த இரண்டரை நூற்றாண்டுக்கு அவரைத் ‘தேவசகாயம் பிள்ளை’ என்றே ஊர் அழைத்தது. 2012 டிசம்பர் 2-இல் நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் வழங்கப்பட்டபோதும் அதுவே பெயர். பின்னர் கிறிஸ்தவர் சிலர் சாதிப் பட்டத்தை நீக்கும்படி வத்திக்கானுக்கு எழுதினர். 2022 மே 15-இல் உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டவர் வெறும் தேவசகாயம்.

நடு வடிவம்தான் ஹட்சனின் கிறிஸ்தவர். புதுப் பெயர், பழைய வால். கடவுள் தந்த உதவியைப் பேரிலேயே சுமந்துகொண்டு, அதன் பின்னே ஊர் தந்த மரியாதையும் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலை. வடக்கன்குளத்திலேயே பிற்காலத்தில் சாதிக்கொரு பகுதியாக இரு கிளை விரித்த கோவில் எழுந்ததை நினைத்தால், இந்த வடிவம் தற்செயலானதன்று என்பது விளங்கும். ஆனால் அதே நூற்றாண்டுகளில் மூன்றாம் வடிவத்தில், பட்டமே இல்லாத ஞானஸ்நானப் பெயரோடு, வாழ்ந்த தமிழ்க் கிறிஸ்தவர் ஏராளம். அருளப்பன், சவரிமுத்து, ஆரோக்கியசாமி, ஞானமுத்து, சூசை, ஆசீர்வாதம், கிருபை, பாக்கியம். அவர்கள் ‘பிள்ளை’யை விட்டொழிக்கவில்லை. அவர்களுக்கு அது ஒருபோதும் கொடுக்கப்படவில்லை.

அவர்களுக்குப் பெயர் என்பதே வேறு பொருள் கொண்டது. ஊரில் ஒருமையில் விளிக்கப்பட்டவர்கள், தங்கள் குழந்தைக்குக் கௌரவமான பெயர் வைத்தாலே மேலத்தெருவின் முகச்சுளிப்பைச் சந்தித்தவர்கள், குருவானவர் முன் நின்று ஒரு பெயரைப் பெறுகிறார்கள். அந்தப் பெயரில் அருள் இருக்கிறது, ஆசி இருக்கிறது, பேறு இருக்கிறது. யோவான் என்ற எபிரேயப் பெயர் ஆண்டவரின் கிருபையைக் குறிப்பது; தமிழ்க் கத்தோலிக்கர் அவரை அருளப்பர் என்றே வழங்கினார்கள். அப்படியானால் ஒரு கூலிக்காரரின் மகன் அருளப்பனாகும்போது, அவனை அழைக்கிற ஒவ்வொருவரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கடவுள் அவனுக்குத் தயவு காட்டினார் என்று வாயால் சொல்லியாக வேண்டும். ஏசாயா 43-ஆம் அதிகாரம் பேசுகிற, பேர் சொல்லி அழைக்கும் தேவனை இந்த மக்கள் உணர்ந்துகொண்ட இடம் இதுவே என்று நினைக்கிறேன்.

இனி மலாயா. இங்கே வந்த தமிழ்க் கிறிஸ்தவர் ஒரே கூட்டமல்லர். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களும் நிலைய அதிபர்களும் வந்தனர். இலங்கையில் பணியாற்றிவிட்டு வந்த ஸ்பூனர், 1901-இல் மலாய் மாநிலக் கூட்டரசின் ரயில்வேக்குத் தலைவரானதும் அந்த வரவு பெருகியது. அமெரிக்க மிஷன் பள்ளிகளில் பயின்ற குடும்பங்களில் சிலருக்கு அமெரிக்கப் புரவலரின் பெயர் இடப்பட்டது; தமிழறிஞர் சி. வை. தாமோதரம்பிள்ளையின் குடும்பத்தில் கிங்ஸ்பரி என்ற பெயர் வழங்கியது இவ்வகை. பணம் அனுப்பியவர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதும் ஒரு தயவுதான், ஆனால் அது மனிதர் தயவு. ரயில்வே குடியிருப்பு எழுந்த பிரிக்பீல்ட்ஸ், இவர்களோடு தரங்கம்பாடி மரபின் லுத்தரன்களையும் மெதடிஸ்டுகளையும் கத்தோலிக்கரையும் ஒரே தெருக்களில் குடிவைத்தது. சீயோன் லுத்தரன் ஆலயம் 1924-இல் அங்கே எழுந்தது. அதற்கு முன்பே, 1910-இல், கோலாலம்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கருக்குப் புனித அந்தோணியார் கோவில் இருந்தது. கிள்ளானில் லூர்து அன்னை ஆலயம் 1928.

ஆலயங்களைவிட என் கேள்விக்கு முக்கியமான இடம் தோட்டம். கிள்ளான் சுற்றுவட்ட ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு நடக்கும். கங்காணி ஆட்களை நிறுத்த, எழுத்தரான கிராணி செக்ரோல் என்ற ஆள்பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். ஊரில் குடிப்பெயரும் தெருப்பெயரும் ஒருவரைச் சுட்டின. பெரட்டுக் களத்தில் சுட்டியது இடுபெயர் ஒன்றுதான். கிறிஸ்தவருக்கு அந்த இடுபெயர் ஞானஸ்நானப் பெயர். கோவிலில் மட்டும், ஞாயிறன்று மட்டும் புழங்கிய பெயர் இங்கே நாள்தோறும் உரக்கச் சொல்லப்படும் பொதுப்பெயர் ஆயிற்று. சபைக்குள் பெற்ற அடையாளம் சபைக்கு வெளியேயும் செல்லுபடியானது மலாயாவில் நிகழ்ந்த மாற்றம் என்பேன். நேரடிச் சான்று மெலிந்த இடம் இது. பெயர் வழங்கிய சூழலிலிருந்து ஊகித்துச் சொல்கிறேன். ஆனால் பழைய சமூக அடையாளம் அப்படியே கப்பலேறி வந்தது என்பதும் ஊகமே. அதற்கு இதைவிட வலுவான ஆதாரம் இதுவரை வைக்கப்படவில்லை.

ஒரு தலைமுறை தள்ளி நமக்குக் கிடைக்கிற ஒரு பெயரில் இந்த மாற்றத்தின் விளைவைக் காணலாம். கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மேற்கு மலேசிய ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் பேராயராக 1973 முதல் 1994 வரை இருந்தவர் ஜான் குருபாதம் சவரிமுத்து. மூன்று சொல், மூன்று வரலாறு. ஜான், ஆங்கிலம் வழி வந்த விவிலியப் பெயர். குருபாதம், சைவத் தமிழின் மணமுள்ள பெயர், கிறிஸ்துவின் பாதம் என்று நம் சபைகள் தமதாக்கிக்கொண்டது. சவரிமுத்து, பிரான்சிஸ் சவேரியாரை முத்துக்குளித்துறை தன் நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொண்ட கத்தோலிக்கப் பெயர். அதைத் தாங்கியவர் ஆங்கிலிக்கன் பேராயர். இதில் எங்கும் சாதிப் பட்டம் இல்லை. அதன் இடம் காலியாக இருப்பதாகவும் தோன்றவில்லை. 2003 முதல் 2013 வரை கோலாலம்பூரின் கத்தோலிக்கப் பேராயராக விளங்கிய மர்பி நிக்கலஸ் சேவியர் பாக்கியத்தின் பெயர் முடிவதே கடவுள் தரும் பேற்றைச் சொல்லும் சொல்லில்.

இரண்டு ஆயர்களின் பெயரை வைத்து ஒரு மக்கள் திரளின் வரலாற்றை நிறுவ முடியாது. எதிர்வாதங்கள் மூன்று, மூன்றும் வலியவை. முதலாவது பெரியார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் மலாயாவில் இறங்கி ஊர் ஊராகப் பேசினார். 1930-க்குப் பின் ஒரு கிறிஸ்தவர் பட்டமின்றிக் கையெழுத்திட்டால் அது ஞானஸ்நானத்தின் விளைவா சுயமரியாதையின் விளைவா என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே என் வாதம் அதற்கு முந்திய கால் நூற்றாண்டை நம்பியே நிற்கிறது. அந்தக் கால் நூற்றாண்டுக்குள் எந்த ஆண்டு என்று குறிக்க நான் துணியவில்லை. இரண்டாவது, அரசுப் பதிவேடு. தகப்பன் பெயரை ஒட்டுகிற மலேசிய வழக்கில் இந்துத் தமிழரும் பட்டத்தை இழந்தனர். உண்மை. ஆனால் பட்டத்தின் மறைவை மட்டுமே பதிவேடு விளக்கும். அந்த இடத்தில் எந்தச் சொல் வந்து நின்றது என்பதை அது விளக்காது. மூன்றாவது எனக்கு மிகவும் வலிக்கிற எதிர்வாதம்: திருமணம். மலேசியத் தமிழரிடையே சாதியுணர்வு குறித்து இராஜகிருஷ்ணன் 1984-இல் வெளியிட்ட நூல், பொதுவெளியில் மங்கிய சாதி பெண் பார்க்கும் வீட்டுக்குள் உயிரோடு இருப்பதைக் காட்டியது. கிறிஸ்தவக் குடும்பங்கள் இதற்கு விலக்கு என்று எவரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. கிறிஸ்தவப் பெயரே சாதிக் குறியாவதும் உண்டு. 1530-களில் முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசிய ஞானத்தகப்பனிடமிருந்து பெற்ற பர்னாந்து என்ற பெயர், தூத்துக்குடியில் இன்றும் குலத்தைச் சொல்லிவிடும்.

ஆகவே ஞானஸ்நானப் பெயர் சாதியை ஒழித்தது என்று நான் சொல்லவில்லை. ஹட்சன் வழி வந்தவர்கள் போர்வை என்று சொல்லிக் கடந்துபோகிற ஒன்று, பட்டம் அற்றவர்களுக்கு உடுத்திக்கொள்ளக் கிடைத்த முதல் ஆடை என்கிறேன். பேதுருவின் முதல் நிருபம், முன்னே மக்களாய் இராதவர்கள் இப்போது தேவனுடைய மக்கள் என்று எழுதும்போது வேதநாயகரைப் போன்றோர் அதை ஆவிக்குரிய பொருளில் படித்திருக்கலாம். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த ஆசீர்வாதத்துக்கு அது நாட்குறிப்பைப் போல நேரான செய்தி. தான் யார் என்பதைத் தேவன் சொல்லிவிட்டார்; கிராணி அதை நாள்தோறும் படிக்கிறார்.

இந்த வாதத்தை உறுதிப்படுத்தவோ உடைக்கவோ தேவையான சான்றுகள் நம் கண்முன்னே குறைந்துகொண்டு வருகின்றன. 1905-ஐ ஒட்டி எழுந்த பிரிக்பீல்ட்ஸ் நூறு குவார்ட்டர்ஸ் 2014-இல் இடிக்கப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தோட்டக் கோவில்களும் மயானங்களும் மறைகின்றன. எஞ்சியிருப்பவை ஞானஸ்நானப் பதிவேடுகளும், கல்லறை எழுத்தும், வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய சான்றிதழ்களும். 1930-க்கு முந்திய பதிவேடுகளைச் சபைகள் படமெடுத்துப் பாதுகாக்க வேண்டும். பாட்டன் பாட்டியின் ஞானஸ்நானச் சான்று வைத்திருக்கும் குடும்பங்கள் அதில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, பின்னால் பட்டம் உண்டா இல்லையா, எந்த ஆண்டு என்ற மூன்றையும் குறித்துத் தங்கள் சபை அலுவலகத்தில் கொடுங்கள்.