ஓட்டுச் சீட்டும் பணப்பையும்

திருவனந்தபுரத்துப் பாளையம் பகுதியில், விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால் என்று பல தலைமுறைகளாக வழங்கிவந்த மண்டபம் ஒன்று உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஸ்ரீமூலம் பிரஜா சபை முதன்முறையாகக் கூடியது அம்மண்டபத்திலேதான். அது 1904ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள். குடிகளின் குறைகளைக் குடிகளின் பிரதிநிதிகள் வாயிலாகவே அரசு கேட்டறிய வேண்டும் என்ற எண்ணம் அன்று ஒரு வடிவம் பெற்றது. தேர்தலுக்கும் பணத்துக்கும் உள்ள உறவை ஆராயப் புகும் நாம் அச்சபையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

அச்சபைக்குப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது? 1905இல் வகுக்கப்பட்ட விதியின்படி, ஆண்டுக்கு 50 ரூபாய்க்குக் குறையாமல் நிலவரி செலுத்துவோருக்கும், 2,000 ரூபாய்க்குக் குறையாத நிகர வருமானம் உடையோருக்கும், பட்டம் பெற்றுப் பத்து ஆண்டுகள் நிறைந்தோருக்குமே அவ்வுரிமை கிடைத்தது. நிலமும் வருமானமும் கல்விப் பட்டமும் இல்லாத பெருந்திரளான மக்கள் வெளியே நின்றனர். அய்யன்காளி போன்ற ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் நியமனம் பெற்றுத்தான் சபைக்குள் வர முடிந்தது. 2019இல் அம்மண்டபத்துக்கு அவர் பெயரையே சூட்டினர்.

அக்காலத்துச் சட்டம் ஒளிவுமறைவின்றிப் பேசியது. பணப்பையைக் காட்டினால்தான் ஓட்டு என்று அது வெளிப்படையாகவே கூறிற்று. 1932ஆம் ஆண்டுச் சட்டசபைச் சீர்திருத்தத்திலும் சொத்தே வாக்குரிமைக்கு அடிப்படையாக இருந்தது. தொகையால் பெரியவர்களாயினும் நிலவரியால் சிறியவர்களாக இருந்த ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒன்றுசேர்ந்து தேர்தலைப் புறக்கணித்தனர். அதுவே வரலாற்றில் நிவர்த்தனக் கிளர்ச்சி எனப்படுகிறது. 1948 பிப்ரவரியில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்துத் திருவிதாங்கூரில் தேர்தல் நடைபெற்றது. நாட்டின் முதற் பொதுத் தேர்தலுக்குச் சில ஆண்டுகள் முன்னரே அது நிகழ்ந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக உள்ள பகுதியின் தமிழரும் அத்தேர்தலில் வாக்களித்தவரே ஆவர். வாக்காளனிடம் வரிச்சீட்டைக் கேட்கும் வழக்கம் அத்துடன் ஒழிந்தது.

ஆயினும் முன்வாயிலில் தடுக்கப்பட்ட பணம் வேறு வாயில்களைத் தேடிக்கொண்டது. அவை இரண்டு: ஒன்று தேர்தலுக்கு ஆகும் செலவு, மற்றொன்று அச்செலவுக்காகக் கட்சிக்கு வரும் வரவு. இவ்விரண்டையும் காக்க இந்தியக் குடியரசு இயற்றிய விதிகளின் வரலாற்றையே நாம் இங்குக் காணப் போகிறோம்.

முதலில் செலவைப் பார்ப்போம். வேட்பாளர் இவ்வளவுதான் செலவிடலாம் என்று உச்சவரம்பு கட்டும் முறையைப் பிரிட்டன் 1883இலேயே கொண்டுவந்தது. அதன் வழியில் அமைந்ததே நமது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். முதற் பொதுத் தேர்தலில் லோக்சபை வேட்பாளருக்குப் பொதுவாக 25,000 ரூபாய் வரம்பாக இருந்தது. அது படிப்படியாக உயர்ந்து, 2022இல் பெரிய ராஜ்யங்களில் 95 லட்சம் ரூபாயாயிற்று. முடிவு அறிவித்த முப்பது நாட்களுக்குள் வேட்பாளர் கணக்குக் காட்ட வேண்டும். தக்க காரணமின்றிக் காட்டத் தவறினால் மூன்று ஆண்டுகள் தகுதி இழக்க நேரும்.

இவ்விதி நம் நாட்டுக்குப் புதியது அன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குவதை நேயர்கள் அறிவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்றும், அவருடைய உறவினர்க்கும் அத்தடை உண்டு என்றும் அவை கூறுகின்றன. அதே கல்வெட்டு, கால் வேலி நிலம் உடையவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. சொத்துத் தகுதியை நாம் விட்டுவிட்டோம். கணக்குக் காட்டும் கடமையை வைத்துக்கொண்டோம். முன்னதை விட்டதும் பின்னதைக் காத்ததும் இரண்டுமே நன்று.

ஆனால் 1951ஆம் ஆண்டுச் சட்டம் வேட்பாளரைப் பார்த்தது, கட்சியைப் பார்க்கவில்லை. திருவனந்தபுரத்தில் 1952இல் ஆனி மஸ்கரீன் சுயேச்சையாக நின்று லோக்சபைக்கு வென்றார். வேட்பாளர் தம் பெயரால் நின்று தம் கணக்கைத் தாமே எழுதும் அத்தகைய நிலையையே சட்டம் மனத்திற் கொண்டிருந்தது போலும். நடைமுறையிலோ செலவின் பெரும்பகுதியைக் கட்சி செய்யலாயிற்று. வேட்பாளருக்காகக் கட்சி செலவிடும் பணம் வரம்பில் அடங்குமா என்ற கேள்வி, டில்லித் தொகுதி ஒன்றின் தேர்தல் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. 1974 அக்டோபர் 3ஆம் நாள் கோர்ட்டு அளித்த தீர்ப்பு, அடங்கும் என்றது. வரம்பு வேட்பாளருக்கு இருந்து, அவர் பொருட்டுச் செலவிடும் கட்சிக்கு இல்லையெனில், பணம் படைத்த கட்சியே மேலோங்கும் என்பது நீதிபதி பகவதி காட்டிய நியாயம். அம்மாதம் முடிவதற்குள்ளாகவே மத்திய சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்து, கட்சியின் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்றாக்கியது. அது அவ்வாண்டிலேயே பார்லிமெண்டின் சட்டமாயிற்று. 2003இல் அவ்விலக்கு ஓரளவு குறுக்கப்பட்டது. எனினும் கட்சி தன் பொதுப் பிரசாரத்துக்குச் செலவிடும் தொகைக்கு இன்றுவரை உச்சவரம்பு இல்லை.

இனி வரவைக் காண்போம். 1957ஆம் ஆண்டுத் தேர்தலை ஒட்டி, டாட்டா இரும்பு உருக்குக் கம்பெனி அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை வழங்க விரும்பித் தன் அமைப்புப் பத்திரத்தைத் திருத்திக்கொள்ள அனுமதி கேட்டது. வழக்கு பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி எம்.சி. சாக்ளா முன் வந்தது. அன்றிருந்த சட்டத்தில் தடையில்லாமையால் அவர் திருத்தத்தை அனுமதித்தார். ஆனால் இவ்வழக்கம் வேகமாக வளர்ந்து ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரிக்கக்கூடும் என்று எச்சரித்து, இதனைப் பார்லிமெண்ட் கவனிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அதன் பின் 1960இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டது. 25,000 ரூபாய், அல்லது மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு ஐந்து, இவற்றில் எது அதிகமோ அதுவரை கொடுக்கலாம்; கொடுத்ததைக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது விதி.

இவ்வேளையில் ஒரு தமிழர் கூறிய யோசனை நினைவுகூரத் தக்கது. ஊழலைத் தடுக்கும் வழிகளை ஆராய 1962இல் கே. சந்தானம் தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் கொடுப்பதை அறவே தடை செய்ய வேண்டும் என்று அது 1964இல் பரிந்துரைத்தது. கட்சிகள் பின் எதைக் கொண்டு வாழும் என்ற கேள்விக்கும் அது விடை சொன்னது. மூன்று குடும்பங்களில் ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஒரு ரூபாய் கொடுத்தாலே கட்சிகளின் தேவைக்கு மேல் கிடைக்கும் என்பது அதன் கணக்கு. ஒருவர் கொடுக்கும் லட்சத்துக்கும் லட்சம் பேர் கொடுக்கும் ஒற்றை ரூபாய்க்கும் தொகை ஒன்றே. ஆனால் முன்னதைப் பெற்றவர் ஒருவருக்குக் கடன்படுகிறார், பின்னதைப் பெற்றவர் ஊருக்குக் கடன்படுகிறார்.

1969இல் பார்லிமெண்ட் கம்பெனி நன்கொடையை முற்றிலும் தடை செய்தது. அந்தோ, வேறு வழி எதுவும் வகுக்காமல் தடை மட்டும் வந்தது! காசோலையாக வந்த பணம் ரொக்கமாக வரலாயிற்று. கட்சி மலர்களில் விளம்பரம் என்ற பெயரிலும் வந்தது. கணக்கில் இருந்தது கணக்கை விட்டு மறைந்தது. 1985இல் தடை நீங்கி, ஐந்து சதவிகித வரம்புடன் நன்கொடை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2003இல், 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைக் கட்சிகள் தேர்தல் கமிஷனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி பிறந்தது. 2013இல் கம்பெனி நன்கொடையின் வரம்பு ஏழரைச் சதவிகிதமாயிற்று.

2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இப்போக்கைத் திருப்பியது. லாபத்தில் இவ்வளவு என்ற வரம்பு நீங்கியது. எக்கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனி தன் கணக்கில் எழுத வேண்டிய கடமையும் நீங்கியது. 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை மதிப்புள்ள பத்திரங்களை ஸ்டேட் பாங்கின் குறிப்பிட்ட கிளைகள் விற்றன. கேரளத்துக்குரிய கிளை திருவனந்தபுரத்தில் இருந்தது. பத்திரத்தில் கொடுப்பவர் பெயர் இராது. பெறும் கட்சி பதினைந்து நாட்களுக்குள் அதைப் பணமாக்கிக்கொள்ளும். ஆறாண்டுகளில் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இவ்வாறு கைமாறிற்று.

இத்திட்டத்தை ஆதரித்தோர் கூறிய நியாயத்தையும் நாம் புறக்கணித்தல் ஆகாது. பெயர் தெரிந்தால் எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவரை ஆளுங்கட்சி பழிவாங்கும். அஞ்சிய மனிதர் மறுபடியும் ரொக்கத்துக்கே திரும்புவர். பாங்கு வழி வரும் பணமாவது வெள்ளைப் பணம் என்றனர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அம்மறைப்பு எல்லோருக்கும் சமமாக இருந்ததா? கொடுத்தவருக்குத் தெரியும், பெற்றவர் அறிந்துகொள்ள வழியுண்டு, சர்க்காருக்குச் சொந்தமான பாங்கின் ஏட்டில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஒன்றும் அறியாதவர் வாக்காளர் மட்டுமே.

திட்டத்தை எதிர்த்து வழக்காடியோருள் சில பொதுநலச் சங்கங்களும், கேரளத்தை ஆண்டுவந்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இருந்தன. 2024 பிப்ரவரி 15ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் திட்டத்தைச் செல்லாததாக்கினர். கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிவது வாக்காளரின் அடிப்படை உரிமை என்றனர். வரம்பில்லாக் கம்பெனி நன்கொடையும் அத்துடன் வீழ்ந்தது. விவரம் தர ஜூன் இறுதிவரை அவகாசம் வேண்டும் என்று பாங்கு கேட்டதைக் கோர்ட்டு ஏற்கவில்லை. மார்ச் 14ஆம் நாள் பட்டியல் வெளியாயிற்று. யார் பணம் யாரிடம் சேர்ந்தது என்பதை இணைத்துக் காட்டும் எண்கள் 21ஆம் நாள் வெளியாயின. ஏப்ரல் 26ஆம் நாள் கேரள மக்கள் வாக்குச் சாவடிக்குச் சென்றபோது அப்பட்டியல் அவர்கள் கண்முன் இருந்தது. அறிந்து வாக்களித்தல் என்பதன் பொருள் அதுதான்.

தனியார் பணமே வேண்டாம், அரசே தேர்தற் செலவை ஏற்கட்டும் என்பது மற்றொரு வழி. மேற்கு ஜெர்மனி 1959இலேயே கட்சிகளுக்குப் பொதுப் பணம் வழங்கத் தொடங்கியது. நம் நாட்டில் இந்திரஜித் குப்தா கமிட்டி 1998இல் இதை ஆராய்ந்து, ரொக்கமாக அன்றிப் பொருளாகவும் வசதியாகவும் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு உதவலாம் என்றது. தனியார் பணத்தின் வாயிலை அடைக்காமல் பொதுப் பணத்தையும் கொட்டினால் இரண்டும் சேர்ந்து செலவாகுமேயன்றி ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்காது என்ற ஐயம் நியாயமானதே.

ஆயினும் பொருளாக உதவும் அம்முறைக்கு ஓர் உயிருள்ள உதாரணம் வானொலியிலேயே இருக்கிறது. 1977 முதல் தேர்தற் காலங்களில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள் அகில இந்திய வானொலியில் கட்டணமின்றிப் பேசி வருகின்றன. 1998இல் தேர்தல் கமிஷன் அதற்கு முறையான விதி செய்தது. அடிப்படை நேரம் எல்லாக் கட்சிக்கும் சமம். கூடுதல் நேரம் முந்தைய தேர்தலில் பெற்ற வாக்குக்கு ஏற்ப. யார் எப்போது பேசுவது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். சிறிய தொண்டுதான், ஆனால் இங்குப் பணப்பையின் கனத்தை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

கேரளத்தில் தொண்டர்கள் வாளி ஏந்தித் தெருத் தெருவாகச் சில்லறை திரட்டும் பழக்கம் நெடுநாளாக உண்டு. சந்தானம் கமிட்டி சொன்ன ஒற்றை ரூபாயின் சாயல் அதில் தெரிகிறது. ஆனால் வாளியில் விழும் நாணயத்துக்கும் பெயர் இல்லை. 20,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்குப் பட்டியல் இல்லை. ஏழையின் காசு என்ற போர்வையில் பெரும்பணம் நுழையாதிருக்க, அங்கும் ரசீதும் தணிக்கையும் வேண்டும். கட்சிகளின் ஆண்டு அறிக்கைகளும், நன்கொடை திரட்டும் தேர்தல் டிரஸ்டுகளின் அறிக்கைகளும் பெரும்பாலும் தேர்தல் முடிந்து பல மாதங்களுக்குப் பின்னரே மக்களுக்குக் கிடைக்கின்றன. அறுவடை முடிந்தபின் பெய்யும் மழையால் உழவனுக்கு என்ன பயன்?

வரம்பு கட்டினோம், பணம் அதைச் சுற்றிச் சென்றது. தடை செய்தோம், பணம் தரைக்கடியில் ஓடியது. மறைத்து வைத்தோம், மறைவு வலியவருக்கே உதவியது. இம்மூன்று அனுபவங்களிலிருந்தும் நாம் கற்க வேண்டியது ஒன்றே. கொடுப்பது யார், பெறுவது யார், எவ்வளவு என்பதை வாக்களிக்கும் நாளுக்கு முன்னரே வாக்காளர் அறியச் செய்யும் விதியே மற்றெல்லா விதிகளுக்கும் அடித்தளம். 1905இல் 50 ரூபாய் நிலவரி இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை என்றது சட்டம். இன்று ஓட்டு எல்லோருக்கும் உண்டு. அந்த ஓட்டின் எடை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கச் செய்வதே எஞ்சியுள்ள பணி.