தாத்தாவின் பழைய இராணுவப் பதக்கங்கள்: வைத்திருப்பதா, கொடுப்பதா, விற்பதா?

தோட்டத்து வீட்டைக் காலி செய்யும்போதும், பெரியவர் ஒருவர் காலமான பின் அவரது பெட்டியைத் திறக்கும்போதும், பிஸ்கட் டின்னில் கிடக்கும் ஒன்றிரண்டு பதக்கங்களும் சாயம் போன ரிப்பன் துண்டுகளும் பல குடும்பங்களின் கைக்கு வருகின்றன. யாருடையவை, எதற்காகக் கிடைத்தவை என்று சொல்லக்கூடியவர் அதற்குள் போய்விட்டிருப்பார். சில வீடுகளில் அவை பழைய இரும்புக்காரரின் வண்டியில் ஏறிவிடுகின்றன. ஒரு குடும்பம் இந்நாட்டிற்குச் செய்த சேவைக்கு எழுத்தில் உள்ள ஒரே சான்று சில நேரங்களில் அந்தப் பதக்கமாகத்தான் இருக்கும். அதனால் எந்த முடிவையும் எடுக்கும் முன் கீழ்க்காணும் விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் என்ன பதக்கம் என்று பாருங்கள்

நம் குடும்பங்களில் அதிகம் காணக்கூடியவற்றுள் ஒன்று, அவசரகாலத்தில் பணியாற்றியவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு வழங்கிய பொதுச் சேவைப் பதக்கம். வட்ட வடிவம், ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை அல்லது எலிசபெத் அரசியாரின் தலை இருக்கும். ரிப்பன் ஊதா நிறம், நடுவே ஒரு பச்சைக் கோடு. ரிப்பனுக்குக் குறுக்கே உள்ள உலோகப் பட்டையில் 'மலாயா' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரையிலான சேவைக்கு உரியது இது. படைவீரர்களுக்கு மட்டுமல்ல, தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்கும் இது கிடைத்தது.

ரிப்பனின் இரு ஓரமும் பச்சையாக, நடுப்பகுதி ஊதாவாக இருந்தால் அது 1962 முதலான சேவைக்கு உரிய அடுத்த பொதுச் சேவைப் பதக்கம். அதில் 'போர்னியோ' அல்லது 'மலாய் பெனின்சுலா' என்ற பட்டை இருந்தால், அது இந்தோனேசியாவுடனான கொன்ஃப்ரொந்தாசி காலத்தைச் சேர்ந்தது.

ஆறு முனை நட்சத்திர வடிவில் இருப்பவை இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை. பர்மா நட்சத்திரம், பசிபிக் நட்சத்திரம் போன்ற பெயர்கள் அவற்றின் நடுவட்டத்தைச் சுற்றி எழுதப்பட்டிருக்கும். சுதந்திரத்திற்குப் பின் மலேசியப் படையில் இருந்தவர்களின் பெட்டியில் 'பிங்காட் பெர்க்கிட்மாத்தான் அம்' போன்ற நம் நாட்டுப் பதக்கங்கள் இருக்கும்.

விளிம்பில்தான் விஷயம் இருக்கிறது

வட்டப் பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சேவை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அங்கே பொறிக்கப்பட்டிருக்கலாம். பெயர்கள் அன்றைய எழுத்தர் கேட்டபடி எழுதப்பட்டதால், அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலோடு ஒத்துப்போகாமல் இருக்கும். அதைப் பார்த்து 'இது நம் தாத்தாவுடையது அல்ல' என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஆவணங்களைத் தேடும்போது பெயரைவிடச் சேவை எண்ணே பயன்படும். நட்சத்திரப் பதக்கங்களில், இந்திய இராணுவத்தினருக்குக் கொடுத்தவற்றின் பின்புறத்தில் பெரும்பாலும் பெயர் உண்டு. பிரிட்டிஷ் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெயர் இராது.

இரு பக்கத்தையும் விளிம்பையும் கைப்பேசியில் படம் எடுத்து, கூடவே ஒரு தாளில் யாருடையது, எந்த ஊர், எந்தத் தோட்டம், யார் சொன்ன தகவல் என்று எழுதி வையுங்கள். சேவைப் புத்தகம், பணி விடுவிப்புக் கடிதம், சீருடையில் எடுத்த படம் ஆகியவை இருந்தால் பதக்கத்தோடு சேர்த்தே வைக்க வேண்டும். இவை பிரிந்துவிட்டால் பதக்கத்தின் கதையில் பாதி போய்விடும்.

தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம்

பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷ், புளி, சாம்பல் எதுவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க விளிம்பில் உள்ள எழுத்து மழுங்கும். மென்மையான உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டக் கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை நாளடைவில் உலோகத்தை அரிக்கும். செய்தித்தாளில் சுற்றுவதும் நல்லதல்ல. அமிலமற்ற தாளில் தனித்தனியாகச் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வைக்கலாம். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவதென்றால் பசை போட்டு ஒட்டாமல் தைத்து நிறுத்தவும். வெயில் படும் சுவரில் மாட்டினால் ரிப்பனின் நிறம் சீக்கிரம் போய்விடும்.

கிழிந்த ரிப்பனுக்குப் பதிலாகப் புதியது மாற்றலாம். பிரிட்டிஷ் பதக்க ரிப்பன்களின் வழக்கமான அகலம் 32 மில்லிமீட்டர். ஆனால் பழைய துண்டைத் தூக்கிப் போடாமல் அதே பெட்டியில் வைத்திருங்கள்.

யார் அணியலாம்?

பதக்கம் பெற்றவர் இடது மார்பில் அணிவார். காமன்வெல்த் நாடுகள் பலவற்றில், நினைவு நாள் நிகழ்ச்சிகளில் வாரிசுகள் வலது மார்பில் அணியும் வழக்கம் இருக்கிறது. மலேசியாவில் நிகழ்ச்சிக்குப் போகும் முன் ஏற்பாட்டாளரிடம் கேட்டுக்கொள்வதே முறை. தன்னைப் படைவீரர் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தில் சீருடையோ அடையாளமோ அணிவது தண்டனைச் சட்டத்தின்படி குற்றம்.

கொடுப்பதென்றால் எங்கே?

பிள்ளைகள் யாருக்கும் அக்கறை இல்லை என்றால் அருங்காட்சியகத்திற்குக் கொடுக்கலாம். இராணுவத்தில் இருந்தவர் என்றால் போர்ட்டிக்சனில் உள்ள தரைப்படை அருங்காட்சியகத்தையும், போலீஸ் அல்லது ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்றால் கோலாலம்பூரில் உள்ள அரச மலேசியப் போலீஸ் அருங்காட்சியகத்தையும் கேட்டுப் பார்க்கலாம். கடிதங்கள், படங்களுக்கு ஆர்க்கிப் நெகாரா எனும் தேசிய ஆவணக் காப்பகம் ஏற்றது. சிங்கப்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்தையும், லிட்டில் இந்தியாவில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தையும் அணுகலாம்.

பொருளை நேரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவதைவிட, முதலில் படத்துடன் எழுதிக் கேட்பது நல்லது. ஏற்கெனவே அதே வகைப் பதக்கம் இருந்தால் வாங்க மறுக்கலாம்; வாங்கினாலும் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பதில்லை. தனிப் பதக்கத்தைவிட, பெயரும் படமும் வாழ்க்கைக் குறிப்பும் சேர்ந்த தொகுப்பையே அவர்கள் விரும்புவார்கள். கொடுக்கும் முன் உடன்பிறப்புகள் அனைவரின் சம்மதத்தையும் பெறுங்கள்; கொடுத்ததற்கு எழுத்து மூலம் ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள். நன்கொடையாகக் கொடுத்ததைப் பின்னர் திரும்பக் கேட்பது கடினம்.

விற்பதென்றால்

அடகுக் கடையிலோ நகைக்கடையிலோ கிடைப்பது வெள்ளியின் எடைக்கான தொகைதான். கலப்பு உலோகம் என்றால் அதுவும் இல்லை. சேகரிப்பாளர்கள் பார்ப்பது உலோகத்தை அல்ல, விளிம்பில் உள்ள பெயரையும் அதற்குத் துணையான தாள்களையும். ஆகவே, விற்றே ஆக வேண்டிய நிலையிலும் ஒரே ஆளிடம் விலை கேட்டு முடித்துவிடாதீர்கள். பல பதக்கங்கள் இருந்தால் பிரித்து விற்காதீர்கள். உடன்பிறப்புகளிடையே பங்கு போடும்போதும் இதே விதிதான்: ஒருவர் முழுவதையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் படங்களைக் கொடுப்பது நல்லது.

மாநில, மத்திய விருதுகள் கலந்திருந்தால் கவனம் தேவை. சில உயர் விருதுகளின் சின்னங்களைப் பெற்றவர் காலமான பின் திருப்பித் தர வேண்டியிருக்கும். விருதோடு வந்த கடிதத்தைப் பார்த்து முடிவு செய்யவும்.

பதக்கமே இல்லாத குடும்பங்கள்

நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்த மலாயாத் தமிழர்கள் பிரிட்டிஷாரை எதிர்த்து நின்றவர்கள். அவர்களுக்குப் பிரிட்டிஷ் பதக்கம் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் படைவீரர்கள் அல்லர் என்பதால் அவர்களுக்கும் போர்ப் பதக்கம் இல்லை. இந்த வீடுகளில் இருக்கக்கூடியது ஒரு தொப்பிச் சின்னம், மங்கிப்போன ஒரு படம், பெரியவர் சொன்ன சில ஊர்ப் பெயர்கள் மட்டுமே. இவற்றையும் பதக்கத்தைப் போலவே படம் எடுத்து, எழுதி வைத்து, காப்பகத்திடம் கேட்டுப் பார்க்கலாம். விவரம் தெரிந்த பெரியவர் இன்னும் வீட்டில் இருந்தால், அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்வதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.