திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் வரும் காயங்கள்: பிரிட்டனில் இழப்பீடு

ஒரே அசைவை நாள் முழுதும் செய்வதாலோ, கையை ஒரே நிலையில் நெடுநேரம் இறுக்கி வைத்திருப்பதாலோ தசை, தசைநாண், நரம்பு ஆகியவற்றுக்கு மெல்ல மெல்ல ஏற்படும் கேடுகள் ஆர்.எஸ்.ஐ. (ரிபெட்டிட்டிவ் ஸ்ட்ரெய்ன் இஞ்சுரி) என்ற பொதுப்பெயரில் வழங்குகின்றன. இது தனியொரு நோயன்று. மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போவது, தசைநாணைச் சுற்றிய உறை வீங்குவது, முழங்கையின் வெளிப்புறம் வலிப்பது எல்லாம் இதில் அடங்கும். இவற்றை மருத்துவர் சோதித்து உறுதிசெய்ய முடியும். வீக்கமோ நரம்புக் குறையோ புலப்படாமலே முன்கை முழுதும் வலிப்பவர்களும் உண்டு. வழக்கில் அதிகம் திணறுபவர்கள் இவர்களே.

எழுத்தர்களின் கைச்சோர்வைப் பற்றி இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். சட்டம் அதைக் கவனிக்க இரு நூற்றாண்டுகள் ஆயின. மோர்ஸ் விசையைத் தட்டித் தட்டிக் கை பிடித்துக்கொள்ளும் தந்தி ஊழியர்களின் நோய், 1908இல் பிரிட்டனின் தொழிலாளர் இழப்பீட்டுப் பட்டியலில் சேர்ந்தது.

அங்கு இன்று இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, அரசு வழங்கும் தொழிற்காய உதவித்தொகை. நோய் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியல் குறிக்கும் வகை வேலையையே செய்திருக்க வேண்டும். உடல் இயலாமை பொதுவாக 14 விழுக்காட்டை எட்ட வேண்டும். முதலாளியின் தவறை நிறுவத் தேவையில்லை. ஆனால் சுயதொழில் செய்வோருக்கு இத்தொகை கிடையாது. மணிக்கட்டு நரம்பு நசுங்கலுக்கு அதிர்வுக் கருவிகளோடு செய்த வேலை ஒரு தகுதி. இன்னொன்று, வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம், 30 நொடிக்கு ஒருமுறையாவது மணிக்கட்டை மேலும் கீழும் மடக்கும் வேலை. கைவலியோடு வருபவர் எத்தனை பேர் இந்தக் கணக்கைக் காட்ட முடியும் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது வழி, முதலாளியின் கவனக்குறைவுக்காக நட்டஈடு கோரும் வழக்கு. நோய் வேலையால்தான் வந்தது, அதை முதலாளி முன்கூட்டியே உணர்ந்திருக்க முடியும், தடுக்க வேண்டியதைச் செய்யவில்லை ஆகிய மூன்றையும் வழக்காடுபவரே மெய்ப்பிக்க வேண்டும். விபத்துக்கு நாளும் நேரமும் உண்டு, இந்நோய்க்கு இல்லை. அதனால் முதற்படியே செங்குத்தாக அமைகிறது. ராய்ட்டர்ஸ் பத்திரிகையாளர் ஒருவரின் வழக்கை 1993இல் தள்ளிய நீதிபதி, ஆர்.எஸ்.ஐ. என்பதற்கு மருத்துவத்தில் இடமே இல்லை என்ற கருத்தை வெளியிட்டார். 1998இல் ஐ.சி.ஐ. என்ற இரசாயன நிறுவனத்தில் தட்டச்சு வேலை பார்த்த செயலர் ஒருவர், அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் தோற்றார். அவர் சொன்ன கைப்பிடிப்பு உதவித்தொகைப் பட்டியலில் உள்ள நோய்தான். ஆயினும் தட்டச்சினால்தான் அது வந்தது என்பது நிறுவப்படவில்லை. தட்டச்சுக்கு இடையே அவர் வேறு பணிகளைச் செய்து கையை ஆற்றியிருக்கலாம் என்பதும் அவருக்கு எதிராக எடைபோடப்பட்டது.

மறு ஆண்டே நிலை சற்று மாறியது. மிட்லண்ட் வங்கியில் காசோலை விவரங்களை அதிவேகமாக விசைப்பலகையில் பதிந்த பெண்கள் மேல்முறையீட்டிலும் வென்றனர். அவர்களுடைய வலிக்குத் திட்டவட்டமான உடற்குறி எதுவும் காட்டப்படவில்லை. இருந்தும் அது உடல்சார்ந்ததே என்று நீதிமன்றம் ஏற்றது. வேகத்துக்காக நிர்வாகம் கொடுத்த நெருக்கடி அங்கே தெளிவாகத் தெரிந்தது.

கணினித் திரைமுன் வேலை செய்வோருக்கான 1992ஆம் ஆண்டு விதிகள், இருக்கை, மேசை, திரை ஆகியவற்றை மதிப்பிடுவதையும் இடைவேளை தருவதையும் முதலாளியின் கடமையாக்கின. மதிப்பீடு நடக்கவில்லை என்பது வழக்குக்கு வலுச்சேர்க்கும், அதுமட்டும் போதாது. வலி தொடங்கியதும் மேலாளருக்கு எழுத்தில் தெரிவித்ததும், அப்போதைய மருத்துவக் குறிப்பும் பின்னாளில் பெரிய சான்றுகளாகும். வழக்குத் தொடரப் பொதுவான கெடு மூன்று ஆண்டுகள். காயம் கணிசமானது, வேலையால் வந்தது என்று பாதிக்கப்பட்டவர் அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தும் அதைக் கணக்கிடலாம்.