சித்திக்கு வாசிக்கப்பட்ட அதிகாரம்

எங்கள் குடும்பத்துத் திருமணங்களில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரத்தை வாசிப்பது வழக்கம். சித்தியின் திருமணத்திலும் வாசித்தார்கள். சில வருடங்கள் கழித்து, வீங்கிய கன்னத்தோடு சித்தி தாய்வீட்டுக்கு வந்தபோது, பெரியவர்கள் அதே அதிகாரத்தை நினைவூட்டித் திருப்பி அனுப்பினார்கள். சித்தப்பாவுக்கு யாரும் அதை நினைவூட்டவில்லை. தன்னலமற்ற, நிபந்தனையற்ற அன்பை கிறிஸ்தவம் யாரிடம் கேட்டது என்று நான் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அந்த அதிகாரம் திருமணத்துக்காக எழுதப்பட்டதல்ல. கி.பி. 50களில் பவுல், கொரிந்து நகரச் சபைக்கு அந்தக் கடிதத்தை எழுதினார். சபைக்குள் பிளவு இருப்பதை அவருக்குத் தெரிவித்தவர்கள் குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார். பொதுப் பந்தியில் சிலர் முந்திக்கொண்டு உண்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். தங்கள் ஞானத்தையும் ஆவிக்குரிய வரங்களையும் சொல்லிப் பெருமையடித்தவர்களும் இருந்தார்கள். அவர்களைக் கண்டிக்கும் வாதத்தின் நடுவில்தான் அன்பைப் பற்றிய அதிகாரம் வருகிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'அகாபே'. அடுத்த அதிகாரத்திலேயே பெண்கள் சபையில் பேசக் கூடாது என்ற வரிகளும் உண்டு. அவை பவுலே எழுதியவையா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

20ஆம் நூற்றாண்டில் இந்த அன்புக்குக் கறாரான வரையறை தந்தவர் சுவீடனின் இறையியலாளர் ஆண்டர்ஸ் நீக்ரென். 1930களில் வெளிவந்த 'அகாபேயும் ஈராஸும்' என்ற நூலில், அகாபே எதையும் எதிர்பார்க்காதது, எதிரில் இருப்பவரின் தகுதியைப் பார்க்காதது என்றார். தன்னை நேசிப்பதற்கு அதில் இடமே இல்லை என்றும் வாதிட்டார்.

அதற்கு மறுப்பு 1960இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. வேலரி சேவிங் என்ற இறையியல் மாணவி ஓர் ஆய்விதழில் கட்டுரை எழுதினார். நீக்ரென் போன்றவர்கள் மனிதனின் அடிப்படைப் பாவம் அகந்தை என்கிறார்கள். அதனால் தன்னை மறப்பதே அதற்கு மருந்து என்கிறார்கள். இது ஆண்களின் அனுபவம் என்றார் சேவிங். பெண்ணுக்கு வரும் ஆபத்து வேறு. கொடுத்துக் கொடுத்து, தனக்கென்று எதுவும் மிஞ்சாமல் போவது. அவளிடம் போய் இன்னும் கொடு என்றால் நோய்தான் முற்றும். ஏறக்குறைய இருபது வருடங்கள் கழித்தே அந்தக் கட்டுரை பெண்ணிய இறையியலின் தொடக்கமாகப் பரவலாகப் பேசப்பட்டது.

சேவிங் சொன்ன 'பெண்' எந்தப் பெண் என்ற கேள்வியும் பின்னால் எழுந்தது. கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக எஜமானர்களின் குழந்தைகளுக்குத் தாயாகவும், வயலில் ஆண்களுக்கு ஈடாகவும் உழைக்க வைக்கப்பட்டவர்கள். 1993இல் டெலோரஸ் வில்லியம்ஸ் இந்த வரலாற்றை எழுதினார். பிறருக்குப் பதிலாகத் துன்பப்படுவதைப் புனிதமாக்கினால் இந்தச் சுரண்டலும் புனிதமாகிவிடாதா என்று கேட்டார்.

இவர்கள் யாரும் அன்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அயலாரை நேசிக்கச் சொல்லும் இயேசுவின் கட்டளையே, ஒருவர் தன்மேல் வைக்கும் நேசத்தைத்தான் அளவுகோலாக வைக்கிறது. சித்தியிடம் அந்தப் பாதியை யாரும் சொன்னதில்லை.

போன வருடம் சித்தி மகளுக்குத் திருமணம் நடந்தது. அதே அதிகாரத்தை வாசிக்க என்னை அழைத்தார்கள். மாப்பிள்ளையைப் பார்த்து வாசித்தேன்.