இரண்டு நிலையம், நடுவே ஒரு சாலை

எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கணியம்பாடி ஒன்றியத்தில் உள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். என் அப்பா இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சேர்ந்தவர். நான் எழுபதுகளில் சேர்ந்தேன். எல்லையில் நின்றதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எல்லைக்குப் போகும் வழியில் வண்டி மாறியதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போகும் 161 கிலோமீட்டர் ரயில் பாதையில் எங்கள் ஊர் ஒரு சிறிய நிலையம். தென்னிந்திய ரயில்வே கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் போட்ட மீட்டர்கேஜ் பாதை அது. காட்பாடியிலோ மதராஸ் ரயில்வே கம்பெனியின் பிராட்கேஜ். ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியதே, அந்தப் பாதையின் நீட்சி. ஒன்றில் தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர், இன்னொன்றில் 1,676. மிச்சமிருந்த 676 மில்லிமீட்டரைப் பயணிகள்தான் தோளில் சுமந்தார்கள்.

சுமை என்று சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. பட்டாளத்துக்காரனின் கறுப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், பெயர், ரெஜிமென்ட். உள்ளே உடுப்பு, பூட்ஸ், அம்மா கொடுத்த கடலை உருண்டை, கூட வேலை செய்கிறவர்களுக்கு என்று ஊறுகாய் ஜாடி. தனியே ஹோல்டாலில் சுருட்டிய படுக்கை. கணியம்பாடியில் ஏறி ஒரு மணி நேரம் போவதற்குள் காட்பாடியில் எல்லாவற்றையும் இறக்கி, மேம்பாலப் படி ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, மதராஸ் வண்டிக்காக நிற்க வேண்டும். சரக்குக்கும் அதே கதிதான். மீட்டர்கேஜ் வேகன் பிராட்கேஜில் ஓடாது. மூட்டை மூட்டையாக ஆட்கள் முதுகில் மாற்றியாக வேண்டும்.

இப்படி இரண்டு அகலம் வந்தது தற்செயலாக அல்ல. கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் ஐந்தடி ஆறு அங்குலம் என்று முடிவு செய்தார்கள். 1870-ல் வைஸ்ராய் மேயோவின் அரசு, செலவு குறையும் என்று மீட்டர்கேஜையும் கொண்டுவந்தது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வழியாக ஈரோடு வரை முதலில் பிராட்கேஜாகவே போட்டிருந்த பாதையை, சில ஆண்டுகளிலேயே பெயர்த்துக் குறுக்கி மீட்டர்கேஜ் ஆக்கினார்கள். இருந்த இணைப்பை அறுத்த வேலை அது. அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. கம்பெனிக்கு மிச்சமான காசு கணக்கில் ஏறியது. அதற்காக அடுத்த நூறு வருஷம் மூட்டை தூக்கியவர்களின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இந்தக் கதையின் பெரிய அத்தியாயம் மதராஸ். மதராஸ் ரயில்வேக்கு 1873-ல் சென்ட்ரல் எழுந்தது. தென்னிந்திய ரயில்வே தனக்கென்று எழும்பூரில், ஹென்றி இர்வின் வரைந்த திட்டத்தின்படி, ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளையைக் கொண்டு, ஏறக்குறைய 17 லட்சம் ரூபாயில் ஒரு மாளிகை கட்டியது. 1908 ஜூன் 11 அன்று அது திறக்கப்பட்டது. இரண்டும் சிவப்பு, இரண்டும் அழகு. நடுவே சுமார் இரண்டு கிலோமீட்டர். அன்று மதுரையிலிருந்து டெல்லிக்குப் போகிறவர் எழும்பூரில் இறங்கிச் சென்ட்ரலில் ஏற வேண்டியிருந்தது. வடக்கேயிருந்து வந்து, போட் மெயில் பிடித்துத் தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குப் போகிறவர் சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் ஏற வேண்டியிருந்தது. அந்த இரண்டு கிலோமீட்டர் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. டிக்கெட் அதுவரை வரும்; மறுபடி அங்கிருந்து தொடங்கும். நடுவில் நீங்கள் யாருடைய பயணியும் அல்ல.

எங்கள் பிரிவில் சிவகங்கைக்காரர் ஒருவர் இருந்தார். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் காலையில் எழும்பூரில் இறங்கி, இரவு வண்டிக்காகச் சென்ட்ரலில் பெட்டி மேலேயே உட்கார்ந்திருப்பார். சில்லறை மிச்சம் பிடிக்க, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்துவிடுவார். அப்பா காலத்தில் அந்தச் சாலையில் ஜட்காவும் கை ரிக்‌ஷாவும் ஓடின. மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவைக் கலைஞர் அரசு 1973-ல் ஒழித்தது. அதன் பிறகு சைக்கிள் ரிக்‌ஷா, ஆட்டோ. 1931-லேயே கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்துவிட்டது உண்மைதான். எழும்பூருக்கு அடுத்த நிலையம் பார்க். இறங்கிப் பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்தால் சென்ட்ரல். ஆனால் அலுவலக நேரத்தில் டிரங்குப் பெட்டியோடு அதில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது உள்ளூர்க்காரர்களின் வண்டி என்று.

1951-ல் கம்பெனிகள் எல்லாம் ஒன்றாகித் தெற்கு ரயில்வே ஆயிற்று. முதலாளி ஒருவர்தான் என்று ஆன பின்னும் பாதையின் அகலம் ஒன்றாகவில்லை.

வடகிழக்கில் எனக்கு வேலை விழுந்தபோது கல்கத்தாவிலும் இதே கதையைக் கண்டேன். அப்போது கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஹவுராவில் கொண்டு விட்டது; நியூ ஜல்பாய்குரிக்குப் போகும் டார்ஜிலிங் மெயில் சியால்டாவில் கிளம்பியது. நடுவே ஹூக்ளி ஆறு, 1943-ல் திறந்த ஹவுரா பாலம், அதன் மேல் டிராம், பஸ், டாக்ஸி, தலைச்சுமைக்காரர்கள். பட்டாளத்துக்காரர்களுக்காவது எம்.சி.ஓ. என்ற ராணுவப் போக்குவரத்து அலுவலகம் பெரிய நிலையங்களில் உண்டு. வாரண்டைக் காட்டினால் வழி சொல்வார்கள், இடம் பிடித்துக் கொடுப்பார்கள். சாதாரண ஜனங்களுக்கு அதுவும் இல்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளைக் காட்பாடி பிளாட்பாரத்தில் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: வடவங்காளத்து ஆள் என்றால், இந்த உடம்போடு சியால்டாவிலிருந்து ஹவுராவுக்கு எப்படி வந்து சேர்ந்தார்?

1992-ல் ஒரே அகலப் பாதைத் திட்டம் தொடங்கியது. சென்னையில் கடைசி மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004-ல் நின்றது. எங்கள் விழுப்புரம்–காட்பாடி பாதை 2010-ல் பிராட்கேஜாகத் திறந்தது. சென்ட்ரலையும் எழும்பூரையும் சுமையோடு போகிறவருக்கும் ஏற்றபடி இணைத்தது மெட்ரோ. 2018 மே 25 அன்று நேரு பூங்காவிலிருந்து எழும்பூர் வழியாகச் சென்ட்ரல் வரை சுரங்கத்தில் ஓடத் தொடங்கியது. எழும்பூருக்கு அடுத்த நிறுத்தமே சென்ட்ரல். எழும்பூர் நிலையம் திறந்த 1908-ஐக் கழித்தால் 110 வருஷம்.

இதை இப்போது எழுதக் காரணம் பரந்தூர். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரில் வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். நிலத்தையும் ஏரியையும் இழக்க மறுத்து ஏகனாபுரம் மக்கள் அன்று தொடங்கிய போராட்டம் நியாயமானது என்பது என் கருத்து. ஏரி போனால் திரும்ப வராது. அதையும் மீறி விமான நிலையம் வந்தாலும், இப்போதுள்ள மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்படாது, இரண்டும் ஓடும் என்கிறார்கள். அப்படியானால் மறுபடியும் ஒரு சென்ட்ரலும் ஒரு எழும்பூரும்தான். இந்த முறை நடுவே இருப்பது இரண்டு கிலோமீட்டர் அல்ல, ஏறக்குறைய அறுபது.

உலகத்தில் இது புதிதல்ல. டோக்கியோவுக்கு 1978-ல் நரிட்டா விமான நிலையம் வந்ததிலிருந்து ஹனேடாவுக்கும் அதற்கும் நடுவே ஜனங்கள் அலைகிறார்கள். நமக்குப் பக்கத்தில் இலங்கையில், உள்நாட்டு யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் பலாலியிலிருந்து ரத்மலானையில் இறங்கி, கொழும்பு நகரத்தைக் குறுக்கே கடந்து, கட்டுநாயக்கா போய்த்தான் வெளிநாட்டு விமானம் ஏறினார்கள். வழியெல்லாம் சோதனைச் சாவடிகள்.

எங்கள் ஒன்றியத்துப் பையன்கள் இப்போது பட்டாளத்துக்கு மட்டுமல்ல, துபாய்க்கும் தோஹாவுக்கும் போகிறார்கள். நேரே போகிறவனுக்குப் பரந்தூர் கிட்டத்தில்தான். வாலாஜா, காவேரிப்பாக்கம் தாண்டினால் வந்துவிடும். கவலை எல்லாம் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வேண்டியவனைப் பற்றி. இரண்டு டிக்கெட் தனித்தனியே எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது விமானம் காத்திருக்காது, பணமும் போகும். பெட்டியை எடுத்து, வெளியே வந்து, சாலையைக் கடந்து, மறுபடி ஒப்படைத்து, மறுபடி சோதனை.

பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை மெட்ரோவை நீட்டும் திட்டம் பேச்சில் இருக்கிறது. முதல் விமானம் இறங்கும் நாளிலேயே அது ஓட வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பரில் திறந்தபோது பக்கத்து ரயில் நிலையம் தயாராக இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. நடுவழியில் பெட்டிக்கு யார் பொறுப்பு, மழையில் சாலை நின்றால் அடுத்த சீட்டுக்கு யார் பொறுப்பு, இரவு ஒரு மணிக்கு இறங்குகிறவனுக்கு வண்டி உண்டா, இந்த மூன்றுக்கும் பதில் திட்ட அறிக்கையிலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.