கொல்லிமலையில் ஏடும் வித்தும்



ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று கொல்லிமலை ஏறிவரும் அன்பர்கள் ஐயாற்றில் நீராடி, ஆற்று மீன்களுக்கு உணவிட்டு, அறப்பளீசுவரரை வழிபட்டு மகிழ்வர். அப்பரடிகள் தலப்பெயர்களை அடுக்கிப் பாடிய திருத்தாண்டகத்துள் அறைப்பள்ளி என்று இடம்பெற்ற வைப்புத்தலம் இது. உழவன் ஒருவன் நிலத்தை உழுதபோது கொழுமுனை பட்டு இறைவன் வெளிப்பட்டான் என்பது தலவரலாறு. கலப்பையின் வழியே தன்னைக் காட்டியருளிய பெருமானுடைய மலையில், உழவர்குடி போற்றிய அறிவு என்னவாயிற்று என்று சிந்திப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே ஆகும்.

இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவன் என்று போற்றுகிறோம். வன்பரணர் முதலிய புலவர் அவனைப் பாடினர்; பாடல்கள் ஓலையில் ஏறின; 1894-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றினார். அதனால் மன்னன் புகழ் நமக்குக் கிட்டியது. ஆனால் அவன் மலையில் தினை விதைத்தவர் அறிவை எந்த ஓலையும் முழுமையாகத் தாங்கவில்லை. அது வாய்மொழியிலேயே வாழ்ந்தது.

இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்பவர் என்பது பெயரின் பொருள். கேரள நாட்டாரோடு இவர்களை மயங்குதல் கூடாது. இவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் தம் முன்னோர் என்பது இவர்களிடை வழங்கும் மரபுரை. செந்தினை, பெருந்தினை, மூக்கன் தினை என்றும், பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என்றும், சுண்டங்கிக் கேழ்வரகு, காரக் கேழ்வரகு என்றும் ஒரே தவசத்தில் பல வகை கண்டு பெயரிட்டு வளர்த்தவர்கள் இவர்கள். விளைந்த தவசத்தை மூங்கிலால் பின்னி மண் பூசிய தொம்பையில் சேமித்தனர். எவ்வகை எம்மண்ணுக்கு ஏற்கும், எப்போது விதைத்தல் வேண்டும் என்னும் அறிவெல்லாம் அப்பெயர்களோடு பிணைந்து கிடந்தது.

சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மரவள்ளிப் பயிர் மலையெங்கும் பரவியது. கீழே சேலம் வட்டாரத்துச் சவ்வரிசி ஆலைகள் கிழங்கைப் பணம் கொடுத்து வாங்கின. உரலில் சாமை குத்திக் கை சலித்த பெண்டிர்க்கு அது ஆறுதலாகவும் இருந்தது. அவர்களைக் குறை கூறுதல் அறமன்று. ஆயினும் ஒரு வகை விதைப்பாரின்றிப் போனால் அதன் வித்து அழியும். வித்து அழிந்தபின் பெயரும் நாவை விட்டு நீங்கும்.

இந்நிலைக்கு நம் திருமுறை வரலாறே வழிகாட்டி. தில்லையில் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகளைச் செல்லரித்த நிலையில் இராசராச மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் எருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த ஒரு பெண்மணியைக் கொண்டே பண்கள் வகுக்கப்பெற்றன. சொல்லை ஏடு காத்தது. இசையை ஒரு குடி காத்தது. இரண்டும் சேர்ந்தபோதன்றோ தேவாரம் மீண்டும் உயிர்பெற்றது!

கொல்லிமலைக்கும் இவ்விரண்டும் வேண்டும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து இங்குச் சிறுதானிய வகைகளை ஆராய்ந்து எழுதினர். ஊர்தோறும் விதை வங்கிகள் தோன்றத் துணைநின்றனர். குத்தும் உழைப்பைக் குறைக்கப் பொறிகளும் தந்தனர். எழுதியதோடு நில்லாமல் விதைப்பதற்கும் வழி செய்தமையே இப்பணியின் சிறப்பு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், அந்தந்த ஊராரின் உயிர்வளத்தையும் அதுபற்றிய மரபறிவையும் மக்கள் பதிவேட்டில் எழுத வகைசெய்துள்ளது. எழுதுவோர், சொன்ன முதியவர்தம் இசைவைப் பெற்று, அவ்வறிவு அவர்க்கே உரியதென்றும் குறித்தல் வேண்டும். கொடுத்தவரை மறந்து பெறும் அறிவு களவோடு ஒக்கும்.

2023-ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஆண்டு கடந்தது, கடமை கடக்கவில்லை. மலையேறும் அன்பர்கள் அங்கு விளைந்த தினையும் சாமையும் வாங்கி, வீட்டுப் பூசையில் நிவேதித்து உண்ணுங்கள். வாங்குவார் உளரேல் விதைப்பாரும் உளராவர். மலையில் பிறந்து கல்வி பெறும் இளைஞர்கள் தம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கூறும் வித்தின் பெயர்களையும் விதைப்புப் பாடல்களையும் இன்றே எழுதிவைப்பார்களாக. செல்லரித்தபின் தேடுவதினும், செல் ஏறுமுன் காப்பது எளிது.

திருச்சிற்றம்பலம்.